புதுப்பிப்பு: பதவி உயர்வு பற்றி மேலாளரிடம் பேசிவிட்டேன்

கூடுதல் பொறுப்பெல்லாம் என் தலையில் விழுகிறது, பதவி மட்டும் அப்படியே இருக்கிறது, எப்படிக் கேட்பது என்று முன்பு எழுதியிருந்தேன். செய்த வேலைகளைக் குறித்துக்கொண்டு போகச் சொன்னீர்கள். அதுதான் கைகொடுத்தது. "நிறைய உழைக்கிறேன்" என்று சொல்லாமல், "முன்பு மாத இறுதி அறிக்கைக்கு 3 நாள் ஆகும், இப்போது ஒரே நாளில் முடிகிறது, அந்த எக்செல் ஷீட்டை நான்தான் போட்டேன்" என்றேன். மேலாளர் பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார்.

உயர்வு இன்னும் வரவில்லை. ஆனால் அடுத்த மதிப்பீட்டுக்குள் என்ன செய்துகாட்ட வேண்டும் என்று கேட்டு வாங்கிவிட்டேன்: புதிதாகச் சேர்ந்தவருக்குப் பயிற்சி தருவது, வாடிக்கையாளர் கூட்டத்தை நானே நடத்துவது. பேசியதை அன்று மாலையே மின்னஞ்சலில் அனுப்பி, "சரியாகப் புரிந்துகொண்டேனா?" என்றும் கேட்டேன். இதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். நாளை மேலாளரே மாறினாலும் அந்த மின்னஞ்சல் இருக்கும்.

கேட்கத் தயங்கிக்கொண்டிருப்பவர்கள் இந்த வாரம் முடித்த ஒரு வேலையையாவது இன்றே எழுதி வையுங்கள். மதிப்பீடு முடிந்ததும் மறுபடி எழுதுகிறேன்.