ரிம்முல கருப்புத் தூசி, எந்த பிரேக் பேட் போடலாம்?

செந்தூல்காரன்: அண்ணே, கான்டி கார் (ஐரோப்பா கார்), கழுவி ரெண்டு நாள்ல முன் ரிம் கருப்பாயிடுது, ஜாலான் ஈப்போ ஜாம்ல எப்பவும் பிரேக்லதான் கால். தூசி கம்மியா வர்ற பேட் இருக்கா?

பழைய மெக்கானிக்: செராமிக் போடுங்க தம்பி. ஐரோப்பா கார் பேட்ல எஃகு கலந்திருக்கும், நல்லா பிடிக்கும் ஆனா டிஸ்க்கையும் சேத்து தேய்க்கும், அந்த இரும்புத்தூள்தான் ரிம்ல ஒட்டி மழை பட்டதும் துருவாயிடுது. செராமிக் தூசி வெளிர் நிறம், அவ்வளவா ஒட்டாது. மலிவு டூப்ளிகேட் மட்டும் வேணாம், பிரேக் உயிர் விஷயம்.

பினாங்கு மச்சான்: நானும் செராமிக்தான், ரிம் சுத்தம், பேட் சூடாகுறதுக்கு முன்னாடி முதல் பிடி கொஞ்சம் மெதுவா இருக்கும். கேமரன் மலை இறக்கத்துல லோடோட போறவங்க யோசிங்க.

செந்தூல்காரன்: நன்றிண்ணே. இடது பக்கம்தான் ரொம்ப கருப்பு.

பழைய மெக்கானிக்: அப்ப பேட் வாங்குறதுக்கு முன்னாடி கேலிப்பர் பின் (பேடை அழுத்துற கேலிப்பர் நகர்ற கம்பி) இறுகிப்போய் நகராம இருக்கான்னு பாருங்க.