ஜோகன்னஸ்பர்க்கில் டியூன் செய்த டர்போ கார், டர்பனில் பூஸ்ட் மீறுகிறது

சாட்ஸ்வர்த் வாசி:
வணக்கம். ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கும் உறவினரிடமிருந்து 2.0 லிட்டர் டர்போ கார் ஒன்றை வாங்கி டர்பனுக்குக் கொண்டுவந்திருக்கிறேன். மூன்று அங்குல டவுன்பைப் (டர்போவிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் குழாய்) போட்டு, ஈசியு (இஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) மென்பொருளையும் மாற்றியிருக்கிறார்கள். வேஸ்ட்கேட், அதாவது டர்போவின் டர்பைனைச் சுழற்றும் புகையில் மிஞ்சியதை ஒரு துளை வழியே விலக்கிவிடும் கதவு, டர்போவின் உள்ளேயே அமைந்தது. அங்கே மீட்டரில் 1.2 பாரில் அசையாமல் நின்ற பூஸ்ட் (டர்போ தரும் கூடுதல் காற்றழுத்தம்), இங்கே நான்காம் கியரில் நிமிடத்துக்கு 5,000 சுற்றுகளைத் தாண்டியதும் மெல்ல ஏறி 1.45 வரை போகிறது. உடனே எரிபொருள் துண்டிக்கப்பட்டு வண்டி குலுங்குகிறது. பூஸ்ட் சாலினாய்டு (வேஸ்ட்கேட்டைத் திறக்கும் அழுத்தத்தை மட்டுப்படுத்தும் மின்வால்வு) வேலை செய்யும் விகிதத்தைக் குறைத்தால் சரியாகிவிடும் என்கிறார் இங்குள்ள டியூனர் ஒருவர். அது போதுமா?

பீனிக்ஸ் அண்ணாச்சி:
தம்பி, மீட்டர் காட்டுவது காற்று மண்டலத்துக்கு மேலுள்ள அழுத்தத்தை மட்டுமே. ஏறக்குறைய 1,750 மீட்டர் உயரத்திலுள்ள ஜோகன்னஸ்பர்க்கில் காற்றழுத்தம் சுமார் 0.83 பார், டர்பனில் 1.01 பார். அங்கே 1.2 காட்டியபோது இஞ்சினுக்குள் போன முழு அழுத்தம் 2.03 பார், இங்கே 1.45 காட்டும்போது அது 2.46 பார். ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் காற்று! தொழிற்சாலையில் பொருத்தப்படும் அழுத்த சென்சார்கள் பலவும் 2.5 பார் வரைதான் அளக்கும் என்பதால், அந்த எல்லையை நெருங்கியதும் ஈசியு எரிபொருளை நிறுத்துவது இஞ்சினைக் காப்பதற்காகத்தான். சிலர் அந்தத் தடையையே மென்பொருளில் நீக்கித் தருவார்கள். தயவுசெய்து அதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் பட்டறை:
அண்ணாச்சி சொன்ன கணக்கு சரி. ஆனால் கேள்வியில் வேறொரு தடயமும் இருக்கிறது. பூஸ்ட் 3,000 சுற்றுகளிலேயே துள்ளி மீறி, பிறகு இறங்கியிருந்தால் சாலினாய்டையும் மென்பொருளையும் சந்தேகிக்கலாம். சுற்றுகள் ஏற ஏறப் பூஸ்ட்டும் சேர்ந்து ஏறுகிறது என்றால், திறந்த வேஸ்ட்கேட்டின் துளை வழியாகப் போக வேண்டிய புகை முழுவதும் போக முடியாமல் டர்பைனையே மேலும் சுழற்றுகிறது என்று பொருள். கடல் மட்டத்தின் அடர்ந்த காற்றில் புகையின் அளவு கூடுவதாலும், அகன்ற டவுன்பைப் டர்பைனுக்குப் பின்னால் இருந்த தடையைக் குறைத்துவிட்டதாலும், மேட்டுநிலத்தில் மறைந்திருந்த குறை இங்கே வெளிப்படுகிறது.

முதலில், வேஸ்ட்கேட் கதவைத் தள்ளித் திறக்கும் ஆக்சுவேட்டருக்குப் போகும் ரப்பர் குழாயைப் பாருங்கள். நேராக இருக்கும்போது வெடிப்பு தெரியாது. முனையருகே விரலால் வளைத்தால்தான் வாய் பிளக்கும். குழாய் கசிந்தால் ஆக்சுவேட்டருக்கு அழுத்தம் குறைவாகவே போய்ச் சேரும், கதவும் தாமதமாகத் திறக்கும். அது நன்றாக இருந்தால், சாலினாய்டை விலக்கிவிட்டு, கம்ப்ரசரிலிருந்து குழாயை நேரே ஆக்சுவேட்டருக்குக் கொடுத்து, டைனோவில் (வண்டியை நின்ற இடத்திலேயே உருளைகளின் மேல் ஓட்டிச் சோதிக்கும் கருவி) ஓட்டிப் பாருங்கள். லாரிகள் நிறைந்த என்3 நெடுஞ்சாலை இதற்கு ஏற்ற இடமன்று. சாலினாய்டு இல்லாதபோது வேலை செய்வது ஆக்சுவேட்டருக்குள் இருக்கும் ஸ்பிரிங் மட்டுமே. ஆரம்பத்தில் 0.7 பாரில் நின்று, 6,000 சுற்றுகளில் 1 பாரைத் தாண்டினால், எந்த மின்னணுக் கருவியாலும் அதைக் கீழே இறக்க முடியாது. சாலினாய்டை முழுவதும் நிறுத்தினாலும் கிடைப்பது இதே அளவுதான்.

சாட்ஸ்வர்த் வாசி:
அண்ணா, நீங்கள் சொன்னபடியே பார்த்தேன். குழாயில் குறையில்லை. ஸ்பிரிங்கில் மட்டும் 0.7ல் தொடங்கி, மேல் சுற்றுகளில் 1.1 வரை ஏறுகிறது. ஆக்சுவேட்டர் கம்பியைத் தளர்த்தினால் குறையுமா?

பீட்டர்மாரிட்ஸ்பர்க் பட்டறை:
கம்பியைத் தளர்த்தினால் கதவு முன்னதாகத் திறக்கும், துளை பெரிதாகாது. டர்போவைக் கழற்றி, வேஸ்ட்கேட் துளையை அகலப்படுத்தி, கதவின் விளிம்பு அதை முழுவதும் மூடுகிறதா என்று பார்க்க வேண்டும். கதவின் நெம்புகோல் டவுன்பைப்பின் உட்சுவரில் இடித்து முழுதாகத் திறக்காமல் நிற்பதும் உண்டு. அதில் பளபளப்பான உரசல் தடம் இருந்தால் அந்த இடத்தைச் சரிசெய்வதே முதல் வேலை. துளையைத் தொடத் தேவையே இல்லாமலும் போகலாம்.

பீனிக்ஸ் அண்ணாச்சி:
அதுவரை பாதி ஆக்சிலரேட்டருக்கு மேல் போகாதீர்கள். அங்கே 93 ஆக்டேன் பெட்ரோலுக்கு டியூன் செய்திருந்தால், கூடிய அழுத்தத்தில் அதே இக்னிஷன் டைமிங் நாக் (எரிபொருள் சிலிண்டருக்குள் தப்பாக வெடித்துத் தட்டுவது) உண்டாக்கும், 95 ஊற்றுங்கள். ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, வெள்ளைப் பீங்கானில், நாக் நடந்ததைக் காட்டும் மிளகுத்தூள் தூவியது போன்ற புள்ளிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் துளை வேலைக்கு முன் சிலிண்டர்களின் கம்ப்ரெஷனைச் சோதித்துவிடுங்கள்.