ஹோசே அந்தோனியோ கமாச்சோ: பயிற்றுநராக அவரை எப்படி மதிப்பிடுவது?

கேள்வி:

முர்சியாவைச் சேர்ந்த சியேசாவில் 1955இல் பிறந்த கமாச்சோ, 1974 முதல் 1989 வரை ரியல் மாட்ரிட் கால்பந்து மன்றத்தின் இடப்பக்கத் தடுப்பாட்டக்காரராக விளங்கி, ஒன்பது லா லீகா (ஸ்பெயினின் முதற்பிரிவு) பட்டங்களையும் இரண்டு யூஈஎஃப்ஏ கோப்பைகளையும் வென்றவர். ஸ்பெயினுக்காக 81 ஆட்டங்கள் ஆடியவர். ஆட்டக்காரராக அவரைக் குறைத்துப் பேசுவோர் அரிது. பயிற்றுநர் என்றதும் மட்டும் பேச்சு மாறிவிடுகிறது. ரியல் மாட்ரிட்டை இருமுறை ஏற்று இருமுறையும் விலகினார், 2002 உலகக் கோப்பையில் ஸ்பெயின் பயிற்றுநராகத் தென் கொரியாவிடம் தோற்றார் என்பதோடு முடித்துவிடுகிறார்கள். இது நியாயமான மதிப்பீடுதானா? ஸ்பெயின் பின்னாளில் அடைந்த உயரத்தில் அவருக்குப் பங்கு ஏதும் உண்டா?

முதல் பதில்:

நியாயமற்ற மதிப்பீடு என்பேன். 1998 செப்டம்பரில் சைப்ரஸிடம் 3-2 எனத் தோற்று, அப்போதைய பயிற்றுநர் கிளெமென்தே பதவி இழந்த நிலையில்தான் ஸ்பெயின் தேசிய அணி கமாச்சோவின் கைக்கு வந்தது. அடுத்த மார்ச்சிலேயே வலென்சியாவில் ஆஸ்திரியாவை 9-0 என வீழ்த்தினார்கள். ஐரோப்பிய நாடுகளுக்கான யூரோ 2000 போட்டியில் யூகோஸ்லாவியாவுக்கு எதிராக வெளியேறும் விளிம்பில் நின்ற அணி, 90 நிமிடங்களுக்குப் பின் சேர்க்கப்பட்ட நேரத்தில் இரண்டு கோல்கள் அடித்து 4-3 என வென்றது. பிரான்சுடனான காலிறுதியில் கடைசி நிமிடத்தில் கிடைத்த பெனால்டியை ராவுல் கம்பத்துக்கு மேலே அடித்திராவிட்டால் ஆட்டம் கூடுதல் நேரத்துக்குச் சென்றிருக்கும்.

2002 காலிறுதியைப் பற்றிப் பேசுவோர், குவாங்ஜூவில் நடந்ததை முழுதாகச் சொல்வதில்லை. ராவுல் காயத்தால் ஆடவில்லை. கூடுதல் நேரத்தில் ஹோவாக்கின் அனுப்பிய பந்தை மொரியெந்தஸ் தலையால் முட்டி வலைக்குள் செலுத்தினார். ஆனால் பந்து முன்னதாகவே எல்லைக் கோட்டைக் கடந்துவிட்டதாக லைன்ஸ்மேன் கொடி உயர்த்தினார். கூடுதல் நேரத்தில் முதல் கோல் அடிக்கும் அணியே வெல்லும் என்ற கோல்டன் கோல் விதி அப்போது நடைமுறையில் இருந்ததால், அந்த ஒரு கொடி இல்லாதிருந்தால் ஆட்டம் அங்கேயே முடிந்திருக்கும். பெனால்டிகளில் 5-3 எனத் தோற்றதைப் பயிற்றுநரின் கணக்கில் எழுதுவது எப்படி?

காசியாஸ், புயோல், சாவி ஆகிய மூவரும் தேசிய அணியில் அறிமுகமானது 2000ஆம் ஆண்டில், கமாச்சோவின் கீழ்தான். ஸ்பெயின் வென்ற 2010 உலகக் கோப்பை இறுதியாட்டத்தைத் தொடங்கிய பதினொருவரில் அவர்கள் மூவரும் இருந்தார்கள். (அந்த இறுதியாட்டத்தில் தொலைக்காட்சி வர்ணனையாளராக அமர்ந்திருந்த கமாச்சோ, கோல் விழுந்ததும் இனியெஸ்டாவின் பெயரைச் சொல்லிக் கூவியது ஸ்பெயினில் இன்றும் பேசப்படுகிறது.)

இரண்டாம் பதில்:

அறிமுகப்படுத்தினார் என்பது உண்மையே. ஆனால் அதிலிருந்து பின்னாளைய ஆட்டமுறைக்கு அவரே வித்திட்டார் என்று முடிவு கட்டக் கூடாது. 2002இல் நடுக்களத்தில் பராஹாவும் வலெரோனும்தான் அவருடைய முதல் தேர்வு. சாவி பெரும்பாலும் மாற்று ஆட்டக்காரராகவே இருந்தார். பந்தைத் தக்கவைத்து ஆடும் அணியைப் பின்னாளில் பயிற்றுநரான அரகோனெஸ்தான் உருவாக்கினார்.

விலகல்களையும் அவ்வளவு எளிதாகக் கடந்துவிட முடியாது. 1998 கோடையில் ரியல் மாட்ரிட்டை ஏற்றவர், உதவியாளர் குழு தொடர்பாக மன்றத் தலைவருடன் ஏற்பட்ட பிணக்கால், ஒரு போட்டியில்கூட அணியை நடத்தாமல் சில வாரங்களிலேயே வெளியேறினார். 2004இல் மீண்டும் ஏற்று, ஜெர்மனியின் லெவர்குசனிடம் 3-0, ஸ்பெயின் மன்றமான எஸ்பன்யோலிடம் 1-0 என அடுத்தடுத்துத் தோற்றதும் செப்டம்பரிலேயே பதவி விலகினார். 2008 மார்ச்சில் போர்ச்சுகல் மன்றமான பென்ஃபிகாவிலிருந்து விலகியதும் இதே வகையைச் சேர்ந்ததே. தன் சொல் எடுபடவில்லை என்று தோன்றிய இடத்தில் ஒரு நாளும் கூடுதலாக இருக்க மாட்டார் என்பதை நேர்மை என்று போற்றலாம். ஆனால் ஜிதான், ரொனால்டோ, பெக்காம் போன்றோர் நிறைந்த அறையை ஆளத் தேவைப்படும் பொறுமை அவரிடம் இருக்கவில்லை என்பதே என் எண்ணம்.

மூன்றாம் பதில்:

நீங்கள் இருவருமே பெரிய மேடைகளை மட்டும் பார்க்கிறீர்கள். 1978 தொடக்கத்தில் முழங்காலில் பலத்த காயமுற்று ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் களத்தை விட்டு விலகியிருந்தும், திரும்பி வந்து மேலும் பத்தாண்டுகள் ஆடியவர் அவர். அந்தப் பிடிவாதம் எந்த வகை அணிக்குப் பொருந்தும் என்று பார்த்தால், அவருடைய சிறந்த வேலைகள் எங்கே நடந்தன என்பது புரியும். எஸ்பன்யோலை 1994இல் இரண்டாம் பிரிவிலிருந்து மேலே கொண்டுவந்து, இரண்டே ஆண்டுகளில் முதற்பிரிவில் நான்காம் இடத்தில் நிறுத்தினார். 2004 மே மாதம், சில நாட்களில் சாம்பியன்ஸ் லீக்கை வெல்லவிருந்த, மொரீனியோ பயிற்றுவித்த போர்ட்டோவைக் கூடுதல் நேரத்தில் 2-1 என வென்று போர்ச்சுகல் கோப்பையை பென்ஃபிகாவுக்குப் பெற்றுத் தந்தார். அது 1996க்குப் பிறகு அந்த மன்றத்துக்குக் கிடைத்த முதல் கோப்பை. 2008-09 பருவத்தின் நடுவே ஸ்பெயின் மன்றமான ஒசசூனாவை ஏற்று, கடைசி நாளில் ரியல் மாட்ரிட்டையே 2-1 என வீழ்த்தி, இரண்டாம் பிரிவுக்குக் கீழிறங்காமல் காத்தார். பட்டங்களின் எண்ணிக்கையை மட்டும் கூட்டினால் இவை எதுவும் தென்படாது.

கேள்வி கேட்டவர்:

மூவருக்கும் நன்றி. மீட்கும் திறன்தான் அவருடைய பலம் என்றால், பின்னர் அவர் பயிற்றுவித்த சீனா, காபோன் தேசிய அணிகளில் அது ஏன் பலிக்கவில்லை?

மூன்றாம் பதிலளித்தவர்:

மன்றத்தில் நாள்தோறும் ஆட்டக்காரர்களுடன் இருந்து மன உறுதியை ஊட்டுவதே அவர் வழி. தேசிய அணியில் அதற்கு நேரம் கிடைப்பதில்லை. ஸ்பெயினில் ஆட்டக்காரர்களின் தரம் அக்குறையை ஈடுசெய்தது. சீனா 2014 உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றிலேயே வெளியேறியது. 2013 ஜூனில் ஹெஃபெயில் தாய்லாந்திடம் 5-1 எனத் தோற்றதும் அவரை நீக்கினார்கள். காபோனை ஏற்றது ஆப்பிரிக்கக் கோப்பைக்குச் சில வாரங்களே இருந்தபோது. சொந்த மண்ணில் மூன்று ஆட்டங்களையும் சமன் செய்து, ஒன்றிலும் தோற்காமலேயே குழுச் சுற்றோடு வெளியேறினார்கள்.