நெல்லூர்க் கிடா ஏறிய மேச்சேரி மந்தை: அடுத்து எந்தக் கிடா?

நங்கவள்ளியிலிருந்து ஒரு சந்தேகம்:
என்னிடம் 40 மேச்சேரிச் செம்மறிப் பெட்டைகள். குட்டிக்கு எடை ஏறட்டும் என்று நெல்லூர் இனச் செம்மறிக் கிடா விட்டேன். முதல் கலப்புக் குட்டிகள் நெட்டையாக வளர்ந்து நல்ல விலைக்குப் போயின. அதில் ஒரு கிடாவையும் சில பெட்டைகளையும் நிறுத்தி இனம் சேர்த்தேன். இப்போது ஒரு குட்டி வெள்ளை, ஒன்று செவலை. மேச்சேரிக்குக் கொம்பே கிடையாது, இங்கே சில கிடாக்களுக்கு முளைக்கிறது. கோடையில் மேட்டுக்காட்டு மேய்ச்சலில் கலப்புகள்தான் முதலில் இளைக்கின்றன. இன்னொரு நெல்லூர்க் கிடா விட்டால் சரியாகுமா?

கொளத்தூர்:
வேண்டாங்க அண்ணா. முதல் கலப்பின் வீரியம் அப்படியே கீழே இறங்காது. கலப்போடு கலப்பு சேர்ந்தால் அதில் பாதி போய்விடும், குணமும் சிதறும். அந்தக் கலப்புக் கிடாவைக் கறிக்குத் தள்ளுங்க. நெல்லூரை மூத்த பெட்டைகள் சிலவற்றுக்கு மட்டும் விட்டு, பிறப்பது அத்தனையும் விற்றுவிடுங்க. முதல் ஈத்துப் பெட்டைக்கு விடாதீங்க, குட்டி பெரிதாகி ஈனத் திணறும்.

நங்கவள்ளி:
நிறுத்திய கலப்புப் பெட்டைகளையும் விற்கணுமா?

ஓமலூர்:
பால் நன்றாக இருப்பதை வைத்துக்கொண்டு மேச்சேரிக் கிடா விடுங்க. ஆனால் கிடாவைச் சந்தையில் கண்ணால் பார்த்து வாங்காதீங்க தம்பி. அங்கே மினுமினுப்பாக நிற்பது ஒற்றையாகப் பிறந்து, மூத்த தாயின் பாலை முழுசாகக் குடித்து, புண்ணாக்கும் தின்றதாக இருக்கும். அந்தச் சதை குட்டிக்கு இறங்காது. அதற்குப் பதில் உங்க மந்தையில் பிறக்கும் மேச்சேரிக் குட்டிகளின் காதில் எண் வில்லை போட்டு, பால் மறக்கும் 3 மாதத்திலும் 6 மாதத்திலும் எடை போடுங்க. தொங்கு தராசும் ஒரு சாக்கும் போதும். ஒரே பருவத்தில் பிறந்ததுகளுக்குள் மட்டும் ஒப்பிடணும். மேச்சேரியில் இரட்டை அபூர்வம். இரட்டையில் பிறந்தும் ஒற்றைக்கு ஈடாக எடை வந்த கிடா கிடைத்தால் யார் கேட்டாலும் கொடுத்துவிடாதீங்க.

நங்கவள்ளி:
சரிங்க அண்ணா. நல்ல கிடா வெளியில் எங்கே கேட்கலாம்?

ஓமலூர்:
பொட்டனேரியில் 1978 முதல் மேச்சேரி செம்மறி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறதே, இப்போது கால்நடைப் பல்கலைக்கழகத்தின் கீழ். அங்கே விசாரித்துப் பாருங்க. தாய் தகப்பன் விவரத்தையும் எடையையும் கேட்டு வாங்குங்க. 25, 30 பெட்டைக்கு ஒரு கிடா என்றால் உங்களுக்கு இரண்டு வேணும். தனித்தனிப் பட்டியில் விடுங்க, இல்லாவிட்டால் எந்தக் குட்டிக்கு எது தகப்பன் என்றே தெரியாது. கிடாவின் நெஞ்சில் காவியை எண்ணெயில் குழைத்துத் தடவினால் சேர்ந்த பெட்டையின் முதுகில் ஒட்டும், தேதி குறிக்கலாம். ஏறத்தாழ 150 நாளில் ஈனும். இரண்டு வருஷத்தில் கிடாவை மாற்றிவிடுங்க, அதற்குள் அதன் மகள்களே பருவத்துக்கு வந்திருக்கும்.