சளக் சளக் என்று ஆடுவது தண்ணீரா?

குழு: உச்சிப்புளி பெரிய வீடு
குழுக் குறிப்பு: இங்கே எழுதுகிறவர்கள் எழுத்துத் தமிழில் முழு வாக்கியமாக எழுத வேண்டும். இப்படிக்கு, பெரியப்பா.

வெள்ளிக்கிழமை

பாம்பன் அத்தை (மாலை 6:10): பலமுறை பகிரப்பட்டது: "சிலிண்டர் வாங்கியதும் ஆட்டிப் பாருங்கள். உள்ளே சளக் சளக் என்று ஓசை கேட்டால் பாதிக்குப் பாதி தண்ணீர் நிரப்பி ஏமாற்றியிருக்கிறார்கள் என்று பொருள். எல்லாக் குடும்பத் தலைவிகளுக்கும் அனுப்புங்கள்."

பாம்பன் அத்தை: ஞாயிற்றுக்கிழமை காதணி விழாச் சமையலுக்கு இறக்கி வைத்திருக்கும் மூன்று சிலிண்டர்களையும் யாராவது ஆட்டிப் பார்த்தீர்களா?

மதினி: நான் ஒன்றை ஆட்டிப் பார்த்தேன், சின்னம்மா. ஓசை கேட்கிறது.

துபாய் அத்தான்: முடிந்தது கதை.

மண்டபம் சித்தப்பா: மூன்றும் நான் சொல்லி வந்தவை. அவற்றில் தண்ணீர் இருக்க வாய்ப்பில்லை.

பாம்பன் அத்தை: நீ சொல்லி வந்தவை என்பதால்தான் கேட்கிறேன், தம்பி.

பெரியப்பா (6:24): முதலில் ஆட்டுவதை நிறுத்துங்கள். உள்ளே இருப்பது நீர்மம்தான். ஆனால் அது தண்ணீர் அன்று. புரோப்பேனும் பியூட்டேனும் கலந்த எரிவாயுவை அழுத்தி அடைத்தால் அது நம் ஊர் வெயிலிலும் நீர்மமாகவே இருக்கும். வால்வைத் திறக்கும்போது அந்த நீர்மத்தின் மேற்பரப்பிலிருந்து கொதித்தெழும் வாயுவே அடுப்புக்கு வருகிறது. ஒரு லிட்டர் நீர்மம் வெளியே வந்தால் ஏறத்தாழ 250 லிட்டர் வாயுவாக விரியும் என்பதால், வீட்டுச் சிலிண்டரில் உள்ள 14.2 கிலோவை, அதாவது சுமார் 26 லிட்டர் நீர்மத்தை, வாயுவாகவே வைத்திருக்க நினைத்தால் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியைவிடப் பெரிய தொட்டி ஒன்று வேண்டியிருக்கும். ஆகவே சளக் என்ற ஓசை வந்தால் சிலிண்டரில் எரிவாயு இருக்கிறது என்று மகிழ வேண்டுமே தவிர, குடும்பத் தலைவிகளைக் கலவரப்படுத்தக் கூடாது.

மதினி: அப்படியானால் சரி, மாமா.

துபாய் அத்தான்: காஸ் என்று பெயர் வைத்துவிட்டு உள்ளே தண்ணீர் மாதிரி இருந்தால் அம்மா என்ன செய்வார்?

பாம்பன் அத்தை: ஓசை வந்தால் எரிவாயு இருக்கிறது என்று இன்று எழுதுகிறீர்களே, அண்ணன். போன வளைகாப்புக்கு என் வீட்டிலிருந்து தூக்கிப் போன நிறை சிலிண்டர் திரும்பி வந்தபோது ஓசையே வரவில்லை என்று நான் சொன்னேன். அப்போது, "காற்றுக்கு ஓசை ஏது?" என்றுதான் இதே வீட்டில் எனக்குப் பதில் கிடைத்தது.

மண்டபம் சித்தப்பா: அந்தப் பதிலைச் சொன்னது நான் இல்லை.

மதினி: நானும் இல்லை.

பெரியப்பா (6:41): யார் சொன்னது என்பதை விடுவோம். திடம், நீர்மம், வாயு என்று மூன்றாகப் பிரித்துப் படித்ததில் அவற்றின் வேற்றுமை மட்டுமே நம் மனத்தில் நிற்கிறது, பொதுவானவை மறந்துவிடுகின்றன. மூன்றுக்கும் எடை உண்டு. மூன்றும் இடத்தை அடைத்துக்கொள்ளும். மூன்றும் கண்ணுக்குத் தெரியாத துகள்களால் ஆனவை; அத்துகள்கள் ஒரு கணமும் ஓய்வதில்லை. திடப்பொருளில் நின்ற இடத்திலேயே அதிர்கின்றன, நீர்மத்தில் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிப் போகின்றன, வாயுவில் கட்டவிழ்ந்து பறக்கின்றன. சூடு பட்டால் மூன்றுமே விரியும். பாம்பன் சாலைப் பாலத்தில் பேருந்து தடக் தடக் என்று ஏறி இறங்குகிறதே, அவை 1988இல் பாலம் திறந்த நாள்முதல் அந்த விரிவுக்காகவே விடப்பட்டுள்ள இடைவெளிகள், 2.3 கிலோமீட்டர் நீளமுள்ள பாலத்தில் 20 டிகிரி வெப்பம் கூடினால் எல்லாத் துண்டுகளும் சேர்ந்து ஏறத்தாழ அரை மீட்டர் நீளும்.

மதுரைத் தங்கை: தண்ணீர் 0 டிகிரியிலிருந்து 4 டிகிரி வரை சூடேறும்போது சுருங்கும், பெரியப்பா.

பெரியப்பா: அது விதிவிலக்கு. ஒப்புக்கொள்கிறேன். நம் சமையல்காரர் அந்த வெப்பநிலையில் எதையும் சமைக்கப் போவதில்லை.

துபாய் அத்தான்: காற்றுக்கு எடை உண்டு என்பதை மட்டும் என்னால் நம்ப முடியவில்லை, மாமா.

பெரியப்பா: உன் அம்மா வீட்டுப் பட்டாசாலை, அதாவது கூடம், 20 அடி நீளம், 15 அடி அகலம், 10 அடி உயரம். ஒரு கன மீட்டர் காற்று 1.2 கிலோ இருக்கும். கணக்குப் போட்டால் அந்த அறைக்குள் இருக்கும் காற்று மட்டும் சுமார் 100 கிலோ, அதாவது நான்கு 25 கிலோ அரிசிச் சிப்பம். நம்மை எல்லாப் பக்கமும் ஒரேபோல அழுத்துவதால் அது தெரிவதில்லை. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியில் அதே காற்று கடலையும் கூட்டிக்கொண்டு வந்து ரயிலைக் கவிழ்த்ததை அப்பத்தா சொல்லி நீயும் கேட்டிருக்கிறாய்.

துபாய் அத்தான்: கேட்டிருக்கிறேன்.

மண்டபம் சித்தப்பா: காற்று ஒரு பக்கம் இருக்கட்டும். திங்கட்கிழமை சம்பந்தி விருந்துக்குச் சீலாவும் நண்டும் ஞாயிறு விடியற்காலையே வந்துவிடும். ஐஸ் எவ்வளவு சொல்ல வேண்டும்? போன முறை நான் ஏற்றி அனுப்பிய ஐஸில் கால் பங்கைக் காணவில்லை என்று கணக்குக் கேட்டவர்கள் இப்போதே சொல்லிவிட்டால் நல்லது.

மதினி: நான் கணக்குக் கேட்கவில்லை, சின்ன மாமா. பெட்டியைத் திறந்தபோது பாதிதான் இருந்தது என்று மட்டுமே சொன்னேன்.

பெரியப்பா: அதில் ஒரு கிராம்கூடத் தொலையவில்லை. பத்துக் கிலோ ஐஸ் உருகினால் பத்துக் கிலோ தண்ணீர். உருவம் மாறுமே தவிர எடை மாறாது. ஓட்டைப் பெட்டியில் ஏற்றியதால் அந்தக் கால் பங்கு மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் நடுவே சாலையில் கிடக்கிறது. கருவாடும் அப்படித்தான். பச்சை மீனாக நிறுத்த எடை காய்ந்தபின் வராததற்குக் காரணம், மீனில் இருந்த தண்ணீர் தன் எடையையும் எடுத்துக்கொண்டு காற்றோடு போய்விட்டதே. மதுரைச் சம்பந்தி வீட்டில், கொடுத்த கருவாடு குறைகிறது என்று பேசியபோது நான் இதைத்தான் சொல்ல நினைத்தேன். சபை நாகரிகம் கருதி விட்டுவிட்டேன்.

பாம்பன் அத்தை: அன்று விட்டதை இன்று அவர்கள் மருமகன் இருக்கும் குழுவில் எழுதிவிட்டீர்கள்.

மதினி: அவர் இன்னும் பார்க்கவில்லை. மாமா, அழித்துவிடுங்கள்.

பெரியப்பா: உண்மையை அழிப்பதற்கில்லை. சிலிண்டருக்கு வருகிறேன். கழுத்து வளையத்தில் காலி எடை பொறித்திருக்கும். இவை வீட்டுச் சிலிண்டர்கள் அல்ல, விழாச் சமையலுக்கான பெரிய சிலிண்டர்கள் என்பதால், தராசில் ஏற்றி, வரும் எடையிலிருந்து அதைக் கழித்தால் மிச்சம் 19 கிலோ வர வேண்டும். வந்தால் எரிவாயு முழுமையாக இருக்கிறது, பிரச்சினை தீர்ந்தது.

மதுரைத் தங்கை (7:05): தீரவில்லை, பெரியப்பா. எடை மூன்று நிலைக்கும் பொதுவானது என்று நீங்கள்தான் எழுதினீர்கள். பொதுவான ஒன்றை வைத்து எவ்வளவு இருக்கிறது என்று சொல்லலாமே ஒழிய, இருப்பது எது என்று எப்படிச் சொல்ல முடியும்? உள்ளே 19 கிலோ தண்ணீர் இருந்தாலும் தராசு 19 என்றுதானே காட்டும்?

துபாய் அத்தான்: அப்படிக் கேள்.

பாம்பன் அத்தை: பெண் பிள்ளையைப் படிக்க வைத்தது வீண் போகவில்லை.

மண்டபம் சித்தப்பா: என் மகள்.

பெரியப்பா (7:19): இந்தக் கேள்வியை என் வகுப்பில் ஒருவரும் கேட்டதில்லை. சரியான கேள்வி. எது என்று அறிய, பொதுப் பண்பை விட்டுவிட்டு அந்தப் பொருளுக்கே உரிய பண்பைத்தான் பார்க்க வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. இந்த நீர்மமோ லிட்டருக்கு அரைக் கிலோவுக்குச் சற்றுக் கூடுதல். ஆகவே தண்ணீர் கலந்திருந்தால் அது அடியில் தங்கும், எரிவாயு அதன்மேல் மிதக்கும். அடுப்பு அணைந்த பிறகும் சிலிண்டர் காலி எடையைவிடக் கனத்து, உள்ளே ஓசையும் கேட்டால், அப்போது சந்தேகப்படலாம். இன்னொன்றும் உண்டு. பெரிய அடுப்பைத் தொடர்ந்து எரித்தால் நீர்மம் கொதிப்பதற்கான வெப்பத்தைச் சிலிண்டரிலிருந்தே எடுத்துக்கொள்ளும்; வெளிப்பக்கம் சில்லென்று ஆகி, நீர்மம் நிற்கும் மட்டம் வரை வியர்த்துவிடும். தண்ணீர் அந்த அழுத்தத்தில் கொதிக்காது. எனவே தானாகக் குளிராது.

மதினி: வியர்த்தால் வெந்நீர் ஊற்றினால் சரியாகிவிடும் என்று சமையல்காரர் சொல்கிறாரே, மாமா?

பெரியப்பா: கூடவே கூடாது. சூடு பட்டால் விரியும் என்று மேலே எழுதியதை மறுபடி படியுங்கள்; மூடிய உருளைக்குள் விரிய இடம் ஏது? அடுப்பு மந்தமானால் அடுத்த சிலிண்டரை மாற்றட்டும். எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு படரும். ஆகவே கொட்டகைத் துணியைத் தரைவரை இழுத்துக் கட்ட வேண்டாம் என்றும் அவரிடம் சொல்லுங்கள்.

பாம்பன் அத்தை: இவ்வளவு பயத்துக்குச் சீமைக் கருவேல விறகே மேல்.

மண்டபம் சித்தப்பா: நேற்றைய மழையில் விறகு நனைந்துவிட்டது, அக்கா. புகையும்.

துபாய் அத்தான்: புகை எந்த நிலை, மாமா? வாயுவா, திடமா?

பெரியப்பா: வாயுவில் மிதக்கும் திடத்துகள். நல்ல கேள்வி, விரிவாக எழுதுகிறேன்.

மதினி: விழா முடிந்த பிறகு எழுதுங்கள், மாமா. இப்போது விறகா, சிலிண்டரா? ஐஸ் எத்தனை பெட்டி? சமையல்காரர் எட்டு மணிக்குள் கேட்டிருக்கிறார்.

மதுரைத் தங்கை: அத்தை வீட்டிலிருந்து வளைகாப்புக்குப் போன சிலிண்டர் திரும்பியபோது யாராவது நிறுத்துப் பார்த்தார்களா?

பாம்பன் அத்தை: இல்லை.

மண்டபம் சித்தப்பா: இல்லை.

பெரியப்பா: அப்படியானால் அதைப் பற்றி யாரும் எதுவும் சொல்வதற்கில்லை. இந்த முறை மூன்றையும் போகும்போதும் வரும்போதும் நிறுத்து, எடையைக் குழுவில் பதிய வேண்டும். தம்பி, உன் மீன் கம்பெனித் தராசை நாளை காலை அனுப்பி வை.

மண்டபம் சித்தப்பா: அந்தத் தராசு என்னிடம் இல்லை, அண்ணன். வளைகாப்புக்குக் கறி நிறுக்க வாங்கிப் போனது இன்னும் அக்கா வீட்டில்தான் இருக்கிறது.

பாம்பன் அத்தை: இந்தச் செய்தி நீக்கப்பட்டது.

மதினி: சின்னம்மா, ஐஸ் பெட்டியாவது உங்கள் வீட்டில் இருக்கிறதா?