கழிவு போடும் இடத்தில் மனப்போராட்டம்: இது நற்குணமா, வெறும் தன்னடக்கமா?

மண்டிக்கணக்கு (கிருஷ்ணகிரி):
மாங்காய் மண்டி ஒன்றில் பதினோரு ஆண்டுகளாகக் கணக்கு எழுதுகிறேன். பருவத்தில் வரும் தோத்தாபுரி லோடுகளுக்குக் கழிவு போடுவதும், அதாவது கெட்ட காய்களுக்காக எடையில் கழிப்பதும், என் பொறுப்புதான். எடை மேடையில் காட்டும் எண் எல்லோருக்கும் தெரியும் என்பதால் அங்கே ஏமாற்ற வழியில்லை. ஆனால் அடிபட்டது, வெம்பியது என்று எவ்வளவு தள்ளுவது என்பதைக் கண்ணால் பார்த்தே சொல்ல வேண்டியிருப்பதால், நூறு கிலோவுக்கு ஒரு கிலோ கூடத் தள்ளினாலும் விவசாயியால் எதிர்த்துக் கேட்க முடியாது. நான் அப்படித் தள்ளியதில்லை. எனினும் தள்ளினால் என்ன என்று மனம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. அதை அடக்கிவிட்டுத்தான் சரியான எண்ணை எழுதுகிறேன்.

அரிஸ்டாட்டில், ஆசையை அடக்கி நல்லது செய்பவனைத் தன்னடக்கம் உடையவன் என்றும், நல்லதைச் செய்வதிலேயே மகிழ்பவனை நற்குணம் உடையவன் என்றும் பிரித்து, பின்னவனையே உயர்ந்தவனாகக் கொள்கிறார். 'மனத்துக்கண் மாசிலன் ஆதல் அனைத்தறன்' என்னும் குறளும் அந்தப் பக்கமே நிற்பதாகத் தோன்றுகிறது. அப்படியானால், இத்தனை ஆண்டுகள் போராடிய நான் இரண்டாம் தரம்தானா?

பழைய வாத்தியார் (தர்மபுரி):
ஐயா, இதே சிக்கலைப் பிரிட்டன் தத்துவவாதி பிலிப்பா ஃபுட் 1978இல் வெளியான கட்டுரை ஒன்றில் எடுத்துக்கொள்கிறார். போராட்டம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்க்கச் சொல்கிறார். வறுமை போன்ற சூழ்நிலை திருடத் தூண்டும்போதும் திருடாதவரிடம் நற்குணம் கூடுதலாக வெளிப்படுகிறது; குறையேதும் இல்லாதபோதும் பிறர் பொருளைக் கண்டவுடன் கை துறுதுறுக்கிறது என்றால், அந்தப் போராட்டமே குணத்தில் உள்ள குறையைக் காட்டுகிறது. உங்கள் மனம் எப்போது கேட்கிறது? பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டிய ஜூன் மாதத்திலா, அல்லது எல்லா நாளுமா? இதற்கு விடை தெரியாமல் தரம் பிரிப்பது வீண்.

தகடூரான்:
அதியமான் என்றால் எல்லா மேடைகளிலும் நெல்லிக்கனியைத்தான் பேசுகிறார்கள். ஒரு நாள் செய்த ஒரு கொடையை வைத்துக் குணத்தை அளக்க முடியாது என்பது என் கருத்து. ஔவையார் புறநானூறு 101இல் சொல்வது வேறு. ஒரு நாள் அல்ல, இரண்டு நாள் அல்ல, பல நாள் பலரோடு போனாலும் முதல் நாள் போன்ற விருப்பத்தோடு வரவேற்பான் என்கிறார். பரிசில் கிடைக்கக் காலம் நீண்டாலும், யானை தன் கொம்புகளுக்கிடையே வைத்த கவளம் போல அது கைக்கு வந்தது போலத்தான் என்கிறார். மற்றவர் நம்பிப் போகும்படி நிலைத்திருப்பதுதான் குணம். பதினோரு ஆண்டுகள் உங்கள் சீட்டை நம்பி லோடு இறக்கியவர்களைக் கேட்டால், உங்கள் மனத்துக்குள் நடந்த வழக்கு அவர்களுக்குத் தெரியவே தெரியாது.

எதிர்க்கேள்வி (ஓசூர்):
அதே ஔவையார் புறம் 206இல், பரிசில் தாமதமானதால் 'வாயிலோயே' என்று காவலனிடம் சீறுகிறாரே! நிலைத்த குணம் என்பதையே நான் ஐயுறுகிறேன். 1973இல் டார்லி, பேட்சன் என்னும் உளவியலாளர்கள் அமெரிக்காவில் சமயக் கல்வி பயிலும் மாணவர்கள் 40 பேரை வைத்துச் சோதித்தார்கள். வழியில் துன்புற்றுக் கிடந்தவருக்கு, அவசரம் இல்லாதவர்களில் 63 சதவீதம் பேர் உதவினார்கள். மிகுந்த அவசரத்தில் இருந்தவர்களில் 10 சதவீதம் பேர்தான் உதவினார்கள். வாசலில் லாரிகள் வரிசை கட்டி நிற்கும்போது கழிவு போடும் உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. குணத்தைத் திருத்துவதைவிட நேரத்தையும் முறையையும் திருத்துவது எளிது.

மண்டிக்கணக்கு (கிருஷ்ணகிரி):
வாத்தியார் ஐயாவின் கேள்வியை இரண்டு நாள் யோசித்தேன். பணமுடையோ அவசரமோ காரணமாகத் தெரியவில்லை. விவசாயி எதிரே நின்றால் அந்த எண்ணமே வருவதில்லை. அவர் வராமல் டிரைவரிடம் மட்டும் அனுப்பிய லோடுக்குத்தான் வருகிறது. புறம் 208இல், தன்னைக் காணாமல் அதியமான் கொடுத்தனுப்பிய பொருளைப் பெருஞ்சித்திரனார் 'வாணிகப் பரிசிலன் அல்லேன்' என்று மறுத்தது இப்போது வேறு விதமாகப் புரிகிறது. முகம் பார்க்காதபோது எனக்குள் கண்ணோட்டம் (இரக்கம்) குறைகிறது போலும். வரும் பருவத்தில் அப்படிப்பட்ட லோடுகளுக்குக் கழிவு போடும் முன் அந்த விவசாயியைக் கைப்பேசியில் அழைத்துப் பேசிவிட்டுத் தொடங்கலாம் என்றிருக்கிறேன். நற்செயலைச் செய்து செய்தே நல்லவன் ஆகிறோம் என்ற அரிஸ்டாட்டில் இதைப் பழக்கம் என்பாரா, ஊன்றுகோல் என்பாரா? ஓசூர் நண்பரும் சொல்ல வேண்டும்.