வீட்டில் செய்த க்ரீம் பிரிந்துவிட்டது, இப்போது சாம்பல் புள்ளி வேறு. எங்கே தப்பு?

ஈரவிரல் (கேள்வி):

வணக்கம். கடை க்ரீம்களில் வாசனை அதிகம், என் தோலுக்கு ஒத்துக்கொள்வதில்லை. அதனால் நானே செய்து பார்த்தேன். போட்டது இவ்வளவுதான்: கால் கப் பாதாம் எண்ணெய், ஒரு ஸ்பூன் தேங்காய் எண்ணெய், இரண்டு ஸ்பூன் தேன்மெழுகு, கால் கப் ரோஸ் வாட்டர், மடலிலிருந்து வழித்தெடுத்த கற்றாழை ஜெல் கால் கப், கெடாமல் இருக்க விட்டமின் ஈ மாத்திரை பத்து, லாவெண்டர் எண்ணெய் இருபது சொட்டு.

சுடுநீருக்குள் கிண்ணம் வைத்து மெழுகையும் எண்ணெயையும் உருக்கினேன். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த ஜெல்லை அதில் ஊற்றி கரண்டியால் நன்றாக அடித்தேன். வெண்ணெய் மாதிரி வந்தது, அன்றைக்கு ஒரே பெருமை.

மூன்றாம் நாள் மேலே தண்ணீர் முத்து முத்தாகக் கசிந்தது. கலக்கிவிட்டேன், மறுநாள் மறுபடியும் அதே கதை. பத்தாம் நாள் டப்பாவின் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் இரண்டு புள்ளி, லேசாகப் புளித்த வாடை. புள்ளியை வழித்து எறிந்துவிட்டு மிச்சத்தைப் பயன்படுத்தலாமா? அடுத்த முறை விட்டமின் ஈ இன்னும் கூட்டினால் சரியாகுமா?

மெழுகுத்திரி:

முதலில் டப்பாவை அப்படியே குப்பையில் போடுங்கள். வழித்து எடுப்பதெல்லாம் வேண்டாம். மேலே தெரிவது பூஞ்சையின் முகம் மட்டும்தான், அதன் இழைகள் உள்ளே எவ்வளவு தூரம் போயிருக்கும் என்று கண்ணுக்குத் தெரியாது. பூஞ்சை வளர முடிந்த இடத்தில் பாக்டீரியாவும் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள், அதற்குப் புள்ளியோ வாடையோ இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. கண்ணைச் சுற்றிப் பூசியிருந்தால் உடனே நிறுத்திவிடுங்கள்.

உங்களுக்கு நடந்தது இரண்டு தனித்தனிக் கோளாறு. ஒன்று பிரிந்தது, இன்னொன்று கெட்டது. இரண்டுக்கும் மருந்து வேறு வேறு.

ஈரவிரல்:

ஐயோ, நேற்றுகூட முகத்தில் போட்டேன். தாடையில் நாலைந்து சிவப்புப் பொரி இருக்கிறது. அது இதனால்தானா?

மெழுகுத்திரி:

இதனால்தான் என்று இங்கிருந்து சொல்ல முடியாது. லாவெண்டர் எண்ணெயும் காரணமாக இருக்கலாம். முக்கால் கப்புக்குச் சற்று மேல் இருக்கும் க்ரீமில் இருபது சொட்டு என்றால் சுமார் ஒரு மில்லி, முகத்துக்கு அது தாராளம்தான். எதுவும் பூசாமல் இரண்டு மூன்று நாள் விடுங்கள். அடங்காவிட்டாலோ, சீழ் கோத்தாலோ தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். இதற்கும் வீட்டு வைத்தியம் தேடி வராதீர்கள்.

ஆய்வுமேசை:

பிரிந்ததைப் பற்றி நான் சொல்கிறேன்.

தேன்மெழுகு எண்ணெயைக் கெட்டியாக்கும். எண்ணெயையும் தண்ணீரையும் நெடுநாள் சேர்த்துப் பிடித்துவைக்க அதனால் முடியாது. இது புதுச் சிக்கலும் இல்லை. இரண்டாம் நூற்றாண்டு கிரேக்க மருத்துவர் கலேன் பெயரில் ஒரு குளிர்க்களிம்பு உண்டு: தேன்மெழுகு, ஆலிவ் எண்ணெய், ரோஜா மணமேற்றிய தண்ணீர். ஏறக்குறைய உங்கள் செய்முறைதான்! தோலில் பட்டதும் அதிலிருந்து தண்ணீர் பிரிந்து ஆவியாகும், அதனால் குளிரும், பெயர் அப்படி வந்தது. பிரிவது அதன் குணம். பிற்காலத்தில் அதில் போராக்ஸ் (வெண்காரம்) சேர்த்தார்கள். மெழுகில் இருக்கும் கொழுப்பு அமிலத்தோடு அது வினைபுரிந்து ஒருவகை சோப்பாக மாறும், அந்தச் சோப்பு இரண்டையும் பிடித்துக்கொள்ளும். ஆனால் போராக்ஸ் இனப்பெருக்க நலனைக் கெடுக்கக்கூடியது என்று ஐரோப்பிய ஒன்றியம் வகைப்படுத்தியிருக்கிறது. பழைய செய்முறைகளில் பார்த்தால் தாண்டிப் போய்விடுங்கள்.

உங்களுக்குத் தேவை எமல்சிஃபையர், அதாவது எண்ணெயையும் தண்ணீரையும் பிரியாமல் பிடித்துவைக்கும் பொருள். ‘எமல்சிஃபையிங் வேக்ஸ்’ என்று கேட்டால் கிடைக்கும், தேன்மெழுகு வேறு, இது வேறு. எண்ணெய்ப் பகுதியின் எடையில் நாலில் ஒரு பங்கு வைத்தால் பொதுவாகப் போதும்.

அடுத்தது சூடு. தேன்மெழுகு உருகுவதே 62 முதல் 64 டிகிரி செல்சியஸில். அதில் ஃப்ரிட்ஜ் ஜெல்லை ஊற்றினால் மெழுகு அங்கேயே துகள் துகளாக உறைந்துவிடும். நீங்கள் கண்ட ‘வெண்ணெய்’ கலவை சேர்ந்ததால் வந்ததில்லை, மெழுகு உறைந்ததால் வந்தது. எண்ணெய்ப் பகுதி, நீர்ப் பகுதி இரண்டையும் தனித்தனிப் பாத்திரத்தில் 70–75 டிகிரிக்குக் கொண்டுவந்து, அதன்பிறகு சேர்க்க வேண்டும். கரண்டி போதாது, ஹேண்ட் பிளெண்டர் வேண்டும். விட்டு விட்டு இரண்டு மூன்று நிமிடம் அடித்துவிட்டு, ஆறும்வரை கையால் கிளறிக்கொண்டே இருங்கள்.

பச்சையிலை:

எதற்கு இவ்வளவு கெமிக்கல்? இயற்கையாக வேண்டும் என்றுதானே வீட்டில் செய்கிறோம். என் பாட்டி கெடாமல் இருக்க எந்த பிரிசர்வேட்டிவ் போட்டார்? ஃப்ரிட்ஜில் வையுங்கள், விட்டமின் ஈ கூட்டுங்கள், கிரேப்ஃப்ரூட் (எலுமிச்சை இனப் பழம்) விதைச் சாறு நாலு சொட்டு விடுங்கள். போதும்.

மெழுகுத்திரி:

உங்கள் பாட்டி டப்பாவில் அடைத்து இரண்டு மாதம் வைத்திருந்தாரா? அன்றைக்கு வேண்டியதை அன்றைக்கு அரைத்து, பூசி, கழுவிவிட்டிருப்பார். அதற்கு பிரிசர்வேட்டிவ் தேவையே இல்லை, அதில் நானும் உங்கள் கட்சிதான். ஆனால் தண்ணீர் கலந்த ஒன்றை அலமாரியில் வைக்கிற நிமிடமே அது வேறு பொருளாகிவிடுகிறது. கற்றாழை ஜெல் ஏறக்குறைய முழுக்கத் தண்ணீர், மிச்சத்தில் சர்க்கரைப் பொருள்கள். கிருமிக்கு அதைவிட நல்ல விருந்து கிடைக்காது. ரோஸ் வாட்டரும் தண்ணீர்தான்.

விட்டமின் ஈ எண்ணெய் சிக்குப்பிடிப்பதைத் தள்ளிப்போடும், அதாவது ஆன்டிஆக்ஸிடன்ட். பாக்டீரியாவையோ பூஞ்சையையோ அது ஒன்றும் செய்யாது. பத்து மாத்திரைக்குப் பதில் முப்பது போட்டாலும் பிசுபிசுப்புதான் கூடும். இந்த ஒரு குழப்பத்தால் வீணான க்ரீம் எத்தனையோ, நான் வீணாக்கியதும் சேர்த்து.

ஃப்ரிட்ஜ் வளர்ச்சியை மெதுவாக்கும், நிறுத்தாது.

ஆய்வுமேசை:

கிரேப்ஃப்ரூட் விதைச் சாறு பற்றி ஒரு வார்த்தை. கடைகளில் விற்ற பல சாறுகளைச் சோதித்துப் பார்த்தபோது, கிருமியைக் கொன்றது அவற்றில் கலந்திருந்த பென்சத்தோனியம் குளோரைடு போன்ற செயற்கைப் பொருள்தான் என்று தெரியவந்தது. அந்தக் கலப்பு இல்லாத சாறு கிருமியைத் தடுக்கவில்லை. இயற்கை என்று நம்பி, லேபிளில் இல்லாத ரசாயனத்தை அளவு தெரியாமல் போடுவதைவிட, தெரிந்ததை அளந்து போடுவது மேல் இல்லையா?

பச்சையிலை:

இது எனக்குப் புது விஷயம். சரி, கிரேப்ஃப்ரூட் விதையை விட்டுவிடுகிறேன். பாட்டியை விடமாட்டேன். :)

மணல்டப்பா:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். என்னுடையதில் தண்ணீரே இல்லை. ஷியா பட்டர், தேங்காய் எண்ணெய், கொஞ்சம் தேன்மெழுகு மட்டும். கெட்டுப்போகவில்லை, ஆனால் இரண்டு வாரத்தில் மணல் மாதிரி நறநறவென்று ஆகிவிட்டது. இதையும் எறிய வேண்டுமா?

மெழுகுத்திரி:

வேண்டாம், வேண்டாம். உங்களுடையது வெறும் படிகம். ஷியா பட்டரில் வெவ்வேறு சூட்டில் உறையும் கொழுப்புகள் இருக்கின்றன. மெதுவாக ஆறினால் முதலில் உறைவது தனியாகச் சேர்ந்து மணலாகிவிடும். அதோடு தேங்காய் எண்ணெய் 24 டிகிரி வாக்கில் உருகி உறையும், பகல் சூடு, இரவுக் குளிர் என்று மாறி மாறி வந்தால் மறுபடியும் மணல். முழுக்க, தெளிவாகும்வரை உருக்குங்கள். பாத்திரத்தைப் பனிக்கட்டித் தண்ணீரில் இறக்கி, கெட்டியாகத் தொடங்கும்வரை கிளறி, டப்பாவில் ஊற்றி உடனே ஃப்ரிட்ஜில் வையுங்கள். கிளறும்போது ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே தெறிக்கக் கூடாது.

தண்ணீர் இல்லாத தைலத்துக்கு பிரிசர்வேட்டிவ் தேவையில்லை. ஈர விரலை மட்டும் உள்ளே விடாதீர்கள். (ஈரவிரல், உங்களைச் சொல்லவில்லை!)

ஈரவிரல்:

:) புரிந்தது. டப்பாவை எறிந்தாயிற்று, பொரியும் அடங்கி வருகிறது. அப்படியானால் சரியான அளவு சொல்லுங்கள். கற்றாழையை விட மனசில்லை, அதற்கு வழி உண்டா? மடலைக் கொதிக்க வைத்துப் போட்டால்?

ஆய்வுமேசை:

கொதிக்க வைத்தால் இருக்கும் கிருமி பெரும்பாலும் சாகும், ஆறியபின் உள்ளே வருவதைத் தடுக்க அங்கே எதுவும் இருக்காது. வீட்டு மடலில் இன்னொன்றும் உண்டு: தோலுக்கு அடியில் வரும் மஞ்சள் பால் சிலருக்கு அரிக்கும். 200 மடங்கு அடர்த்தியாக்கிய கற்றாழைப் பொடி கிடைத்தால் வாங்குங்கள். 0.1 கிராம் பொடி 20 கிராம் சாறுக்குச் சமம்.

கப், ஸ்பூன் எல்லாம் மறந்துவிடுங்கள், எல்லாமே எடைதான். 0.01 கிராம் காட்டும் சின்னத் தராசு வேண்டும். 100 கிராமுக்கு நான் செய்வது:

நீர்ப் பகுதி: டிஸ்டில்டு வாட்டர் 72.2, கிளிசரின் 3, சாந்தன் கம் (கெட்டியாக்கும் பசைப்பொடி) 0.2, கற்றாழைப் பொடி 0.1.
எண்ணெய்ப் பகுதி: பாதாம் எண்ணெய் 12, ஷியா பட்டர் 4, எமல்சிஃபையிங் வேக்ஸ் 5, செட்டில் ஆல்கஹால் (மெழுகு போன்ற கெட்டியாக்கி) 2.
ஆறிய பின்: ஃபினாக்சிஎத்தனாலும் எத்தில்ஹெக்சில்கிளிசரினும் சேர்ந்த பிரிசர்வேட்டிவ் 1, விட்டமின் ஈ 0.5.

சாந்தன் கம்மை நேரே தண்ணீரில் கொட்டினால் கட்டி கட்டியாகிவிடும், முதலில் கிளிசரினில் குழைத்துக்கொள்ளுங்கள். சூடாக்கும்போது தண்ணீர் ஆவியாகிக் குறையும். பாத்திரத்தோடு முன்னும் பின்னும் எடை போட்டு, குறைந்ததைச் சுடுநீராக ஊற்றி ஈடுசெய்யுங்கள். கடைசிப் பகுதியை 40 டிகிரிக்குக் கீழே வந்தபின் சேர்த்து நன்றாகக் கிளறுங்கள். ஃபினாக்சிஎத்தனால் ஒரு சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ‘பத்திரத்துக்கு இன்னும் கொஞ்சம்’ என்று கை நீளவே கூடாது.

லாவெண்டர் இந்த முறை வேண்டாம். வாசனை ஒத்துக்கொள்ளவில்லை என்றுதானே ஆரம்பித்தீர்கள்?

மெழுகுத்திரி:

பாத்திரம், கரண்டி, டப்பா எல்லாவற்றையும் கழுவி உலர்த்தி, 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தெளித்துக் காயவிடுங்கள். 99 சதவீதம் இன்னும் நல்லது என்று நினைக்க வேண்டாம். கொஞ்சம் தண்ணீர் இருந்தால்தான் அது கிருமிக்குள் இறங்கி வேலை செய்யும். வாயகன்ற டப்பாவுக்குப் பதில் பம்ப் பாட்டில் பாருங்கள். அமிலத்தன்மையைக் காட்டும் பிஹெச் தாளில் 5 முதல் 5.5 வரை காட்டினால் தோலுக்கு ஏற்றது. அதிகமாகக் காட்டினால் சிட்ரிக் அமிலத்தைத் தண்ணீரில் கரைத்துச் சொட்டுச் சொட்டாக.

முகத்துக்குப் போகுமுன் முழங்கைக்கு உள்பக்கம் கொஞ்சம் தடவி 48 மணி நேரம் பாருங்கள்.

வெயில்நிழல்:

சிட்ரிக் அமிலத்துக்குப் பதில் எலுமிச்சைச் சாறு விடலாமா? அதுவும் அமிலம்தானே?

ஆய்வுமேசை:

விடாதீர்கள். சாறுக்குச் சாறு புளிப்பு மாறும், அளவு பிடிபடாது. அதோடு எலுமிச்சை இனப் பழங்களில் ஃபியூரோகூமரின் என்ற பொருள் உண்டு. அது தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் தீக்காயம் மாதிரி கொப்புளமும், மாதக்கணக்கில் மாறாத கருமையும் வரலாம். அப்புறம், யாராவது கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்: சன்ஸ்கிரீனையும் வீட்டில் செய்ய முயலாதீர்கள். அதில் வெயிலைத் தடுக்கும் துத்தநாக ஆக்சைடு சீராகப் பரவியிருக்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

ஈரவிரல்:

ஆறு வாரம் கழித்து வருகிறேன். அரை அளவு, அதாவது 50 கிராம் செய்தேன். பிரியவில்லை, வாடை இல்லை, புள்ளி இல்லை, கையிலும் முகத்திலும் ஒன்றும் செய்யவில்லை. ஒரே ஒரு குறை. தேய்க்கும்போது சோப்பு நுரை மாதிரி வெள்ளையாகப் பூக்கிறது, மறைய ஒரு நிமிடம் ஆகிறது.

ஆய்வுமேசை:

எமல்சிஃபையரும் செட்டில் ஆல்கஹாலும் சேர்ந்து கொஞ்சம் கூடுதலாக இருந்தால் அப்படித்தான் பூக்கும். செட்டில் ஆல்கஹாலை 1 ஆக்கி, குறைத்த அளவைத் தண்ணீரில் ஏற்றிவிடுங்கள். சற்று இளகலாக வரும், பம்ப் பாட்டிலுக்கு அதுதான் வசதி.

புள்ளி இல்லை என்பதால் கிருமியே இல்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பரிசோதனைக்கூடத்தில் பார்க்காமல் அதைச் சொல்ல முடியாது. சின்ன அளவாகச் செய்து மூன்று மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

மணல்டப்பா:

என் தைலமும் வழுவழுவென்று வந்துவிட்டது. தோழி ஒருத்தி விலைக்குக் கேட்கிறாள், கொடுக்கலாமா?

மெழுகுத்திரி:

சும்மா கொடுங்கள், என்னென்ன போட்டது, என்றைக்குச் செய்தது என்று எழுதிக் கொடுங்கள். விற்பது என்றால் உங்கள் நாட்டு அழகுசாதனச் சட்டத்தைப் படித்துவிட்டுத்தான். ஈரவிரல் மாதிரித் தண்ணீர் கலந்த க்ரீமை விற்க நினைப்பவர்கள், வேண்டுமென்றே கிருமியைச் சேர்த்து பிரிசர்வேட்டிவ் தாங்குகிறதா என்று பார்க்கும் சோதனையையும் செய்ய வேண்டியிருக்கும்.

ஈரவிரல்:

நான் விற்கப்போவதில்லை, என் முகத்துக்கு வந்தால் போதும். :) செட்டில் ஆல்கஹாலை 1 ஆக்கி நேற்று மறுபடி செய்தேன். வெள்ளை பூப்பது கிட்டத்தட்ட நின்றுவிட்டது. பாட்டிலில் தேதி ஒட்டியாயிற்று. பச்சையிலை, மடலில் மிஞ்சிய ஜெல்லை மஞ்சள் பால் வடியவிட்டு, கழுவி, கையில் தடவிப் பார்த்தபின் முகத்தில் பூசி, இருபது நிமிடத்தில் கழுவிவிட்டேன். அது உங்கள் பாட்டி கணக்கு.